பாக்கிக் கடிதம் பென் டிரைவில் தூங்கலாமா?



"எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?" என்பது நம் பெரியவர்கள் சொல்லி வைத்த பழமொழி. அந்தப் பழமொழிக்கு அஞ்சித்தான் நாள்வழி, பேரேடு, ரசீது என்று எல்லாவற்றையும் எழுதி வைக்கிறோம். ஆனால் இன்றைக்கு எழுதி வைத்த கடனும் தொலைந்து போகிறது. எழுத்து இருக்கிறது, அதைப் பிரித்துப் படிக்கும் வழி மட்டும் நமக்குத் தெரியவில்லை.

முன்பெல்லாம் கொள்முதல் செய்யும் ஊரிலிருந்து விலை விவரம் போஸ்ட் கார்டில் வரும். அவசரம் என்றால் தந்தி வரும். படித்து முடித்ததும் கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கும் கம்பியில் குத்தி வைப்போம். பத்து வருடம் கழித்துத் தேடினாலும் கடிதம் கம்பியிலேயே இருக்கும். அந்தத் தந்தியும் 2013 ஜூலையோடு நின்று போயிற்று. இன்று மில்லின் விலைப்பட்டியல், கம்பெனி ஆர்டர், லாரி ரசீதின் நகல், வங்கியின் கணக்கு விவரம், ஜி.எஸ்.டி. நோட்டீஸ் எல்லாம் இ-மெயிலில் வருகின்றன. அன்றாடப் பேச்சு வாட்ஸ்அப்பில் நடந்தாலும், நாளைக்குக் கேள்வி வரக்கூடிய சமாசாரங்களைப் பெரிய நிறுவனங்களும் அரசு அலுவலகங்களும் மெயிலில்தான் அனுப்புகின்றன.

இந்தக் கடிதங்களை நம் கணக்கர்கள் கம்ப்யூட்டரிலும் பென் டிரைவிலும் சேமித்து வைக்கிறார்கள். கணக்கர் வேலையை விட்டுப் போன பிறகு நாம் அந்த ஃபைலைத் தட்டினால், "இதை எதைக் கொண்டு திறப்பது?" என்று கம்ப்யூட்டர் நம்மையே திருப்பிக் கேட்கிறது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஒரு மண்டியில் நடந்தது

எங்கள் வட்டாரத்தில் பருப்பு மண்டி வைத்திருக்கும் நண்பர் ஒருவர், 2021 ஆகஸ்டில் வெளியூர் வியாபாரி ஒருவருக்கு இரண்டு லோடு உளுந்து அனுப்பினார். பாதிப் பணம் வந்தது. 3,40,000 ரூபாய் பாக்கி நின்றது. கேட்கும்போதெல்லாம் "தருகிறேன்" என்றவர், 2025 தொடக்கத்தில் "கணக்கு எப்போதோ முடிந்துவிட்டது" என்று பேச்சை மாற்றினார்.

சரக்கு விற்ற பணத்துக்கு வழக்குப் போட 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி மூன்று வருடம்தான் அவகாசம். அந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் 2024 ஆகஸ்டோடு கெடு முடிகிறது. ஆனால் அதே சட்டத்தின் 18ஆம் பிரிவில் ஒரு வழி உண்டு. கெடு முடிவதற்குள் கடன்காரர் "பாக்கி இருப்பது உண்மை" என்று எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டிருந்தால், அந்தத் தேதியிலிருந்து மறுபடி மூன்று வருடம் ஓடும். இ-மெயிலில் கொடுத்த ஒப்புதலும் இதற்குச் செல்லும் என்று கர்நாடக உயர்நீதிமன்றம் 2013இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

நண்பருக்கு அப்படி ஒரு மெயில் வந்த ஞாபகம் இருந்தது. பழைய கணக்கர் சேமித்து வைத்த பென் டிரைவைத் தேடி எடுத்தார்கள். அதில் நாற்பது, ஐம்பது ஃபைல்கள். எல்லாம் வெள்ளைத் தாள் படத்தோடு, எதைத் தட்டினாலும் திறக்கவில்லை. அவர் மகன் ஒன்றை நோட்பேடில் திறந்து பார்த்தார். மேலே ஏதோ ஆங்கிலம், கீழே பக்கம் பக்கமாகப் புரியாத எழுத்துக் குவியல். "வைரஸ் தின்றுவிட்டது, அழித்துவிடலாம்" என்ற முடிவுக்கே வந்துவிட்டார்கள்.

நல்லவேளையாக அழிப்பதற்கு முன்னால் எங்கள் கடைக்குக் கொண்டு வந்தார்கள். எங்கள் கணக்கர் பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் திறந்து காட்டினார். 2022 நவம்பரில் வந்த கடிதம் முழுசாக இருந்தது. பாக்கித் தொகையைக் குறிப்பிட்டு, பொங்கலுக்குப் பிறகு அனுப்புகிறேன் என்று அந்த வியாபாரி எழுதியிருந்தார். வக்கீல் நோட்டீஸோடு அதன் நகல் போனதும் பேச்சு மாறியது. நான்கு தவணையில் பணம் வந்து சேர்ந்தது.

அந்த ஃபைல்களில் ஒன்றுகூடக் கெட்டிருக்கவில்லை. திறக்க வேண்டிய முறையில் திறக்கவில்லை என்பதுதான் விஷயம்.

பெயரின் வாலைப் பாருங்கள்

மூட்டையின் மேல் உள்ள மார்க்கைப் பார்த்தே எந்த ஊர்ச் சரக்கு என்று சொல்லிவிடுகிறோம். ஃபைலுக்கும் அப்படி ஒரு மார்க் உண்டு. பெயரின் கடைசியில் புள்ளி வைத்து மூன்று, நான்கு ஆங்கில எழுத்து இருக்கும். விண்டோஸ் கம்ப்யூட்டர் இந்த வாலைச் சாதாரணமாக மறைத்தே வைத்திருக்கும். ஃபைல்கள் இருக்கும் பக்கத்தில் மேலே 'வியூ' என்பதைத் தட்டுங்கள். விண்டோஸ் 11 என்றால் அதில் 'ஷோ' என்பதற்குள் போய், 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 10இல் 'வியூ' பகுதியிலேயே அதற்கு டிக் போடலாம். வால் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். திறக்கவில்லை என்பதற்காக வாலை மாற்றி எழுதாதீர்கள். சாக்கில் மார்க்கை மாற்றி எழுதினால் உள்ளே இருக்கும் துவரை கடலை ஆகிவிடாது.

ஈ.எம்.எல்.: ஒற்றைக் கடிதம்

நம் கடைகளில் அதிகம் காணப்படுவது ஈ.எம்.எல். வால் உள்ள ஃபைல். ஒரு ஃபைல், ஒரு கடிதம். ஜிமெயிலில் கடிதத்தின் வலது ஓரத்தில் உள்ள மூன்று புள்ளியைத் தட்டி 'டவுன்லோடு மெசேஜ்' கொடுத்தால் இந்த வகையில்தான் இறங்கும்.

இதைத் திறக்கச் செலவே இல்லாத வழி, மொசில்லாவின் தண்டர்பேர்டு என்னும் இலவச மென்பொருள். 2004 டிசம்பரில் இதன் முதல் முழுப் பதிப்பு வந்தது, இன்றும் வந்துகொண்டிருக்கிறது. அதன் சொந்த இணையதளத்திலிருந்து மட்டுமே இறக்கிக்கொள்ளுங்கள். முதலில் மெயில் கணக்கு விவரம் கேட்கும். பழைய கடிதத்தைப் படிக்க மட்டும் என்றால் அதை ரத்துச் செய்துவிடலாம். கீபோர்டில் 'ஆல்ட்' பட்டனை அழுத்தினால் மேலே மெனு தெரியும். 'ஃபைல்', 'ஓப்பன்', 'சேவ்டு மெசேஜ்' என்று வரிசையாகப் போய் உங்கள் ஃபைலைக் காட்டுங்கள். அனுப்பியவர் பெயர், தேதி, விஷயம், இணைத்து அனுப்பிய பில் எல்லாம் அப்படியே வரும். மைக்ரோசாஃப்டின் அவுட்லுக் வைத்திருப்பவர்கள் அதிலும் திறக்கலாம்.

கடைக் கம்ப்யூட்டரில் புதிதாக எதையும் ஏற்ற வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொரு வழி. அந்த ஃபைலை இணைத்து உங்கள் ஜிமெயிலுக்கு நீங்களே ஒரு மெயில் அனுப்புங்கள். கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து அந்த இணைப்பைத் தட்டினால் கடிதம் தனித் திரையில் திறக்கும்.

நோட்பேடில் திறந்தால் ஏன் எழுத்துக் குவியலாகத் தெரிகிறது? இ-மெயில் முதலில் சாதாரண ஆங்கில எழுத்துக்களை மட்டும் சுமக்கும் வண்டியாகத்தான் ஓடியது. படம், பில், தமிழ் எழுத்து ஆகியவற்றையும் ஏற்றுவதற்கு 1992இல் ஒரு பொது முறை வகுத்தார்கள். அதன்படி இவை ஆங்கில எழுத்துக்களாகவும் எண்களாகவும் மாற்றிக் கட்டப்படுகின்றன. வேறு சாக்கில் மாற்றிக் கட்டினால் சாக்கு எடையும் சேருவதுபோல, 3 எம்.பி. பில் இந்தக் கட்டில் ஏறக்குறைய 4 எம்.பி. ஆகும். சரியான மென்பொருள் கட்டைப் பிரித்துச் சரக்கைக் காட்டும். நோட்பேட் சாக்கை மட்டும் காட்டும். அதில் பார்ப்பது தவறில்லை. ஆனால் எதையும் திருத்திச் சேமித்துவிடக் கூடாது.

எம்.எஸ்.ஜி.: அவுட்லுக் கடிதம்

எம்.எஸ்.ஜி. என்று முடிந்தால் அது அவுட்லுக்கில் சேமித்த கடிதம். கம்பெனிகளிலிருந்தும் ஆடிட்டர் அலுவலகங்களிலிருந்தும் வருபவை பெரும்பாலும் இந்த வகையாக இருக்கும். இது மைக்ரோசாஃப்டின் சொந்தக் கட்டு. நோட்பேடில் ஒன்றும் புரியாது; தண்டர்பேர்டும் இதை நேரடியாகத் திறக்காது. அவுட்லுக் உள்ள கம்ப்யூட்டரில் இரண்டு முறை தட்டினால் போதும்.

அவுட்லுக் இல்லாதவர்கள் அனுப்பியவரிடமே பி.டி.எஃப். நகலும் கேட்டு வாங்கலாம். அல்லது ஆடிட்டர் அலுவலகத்தில் கொடுத்துத் திறந்து பார்க்கலாம். 'இலவசமாகத் திறந்து தருகிறோம்' என்னும் முகம் தெரியாத இணையதளங்களில் ஃபைலை ஏற்ற வேண்டாம். உங்கள் கொள்முதல் விலையும் வங்கிக் கணக்கு எண்ணும் அந்தக் கடிதத்தில்தான் இருக்கின்றன. போட்டிக் கடைக்காரரிடம் காட்டத் தயங்குவதை ஊர் பேர் தெரியாதவரிடம் ஏன் கொடுக்க வேண்டும்?

அவுட்லுக்கிலிருந்து வரும் மெயிலில் சில சமயம் 'வின்மெயில் டாட் டாட்' என்ற இணைப்பு மட்டும் வந்து நிற்கும். அனுப்பியவரின் கம்ப்யூட்டர் கடிதத்தையும் பில்லையும் தன் பாணியில் கட்டிவிட்டது என்று பொருள். 'எச்.டி.எம்.எல். அல்லது பிளெயின் டெக்ஸ்டில் மறுபடி அனுப்புங்கள்' என்று ஒரு போன் செய்தால் சரியாகிவிடும்.

மொத்தமாகக் கட்டிய மூட்டைகள்

சில ஃபைல்களில் ஒரு கடிதம் அல்ல, ஆயிரக்கணக்கான கடிதங்கள் இருக்கும்.

பி.எஸ்.டி. என்பது அவுட்லுக்கின் குடோன். வந்தது, அனுப்பியது எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கும். விண்டோஸில் ஓடும் பழைய முறை அவுட்லுக்கில் 'ஃபைல்', 'ஓப்பன் அண்ட் எக்ஸ்போர்ட்', 'ஓப்பன் அவுட்லுக் டேட்டா ஃபைல்' என்று போனால் திறக்கும். 2003க்கு முந்தைய அவுட்லுக்கில் இந்தக் குடோனுக்கு 2 ஜி.பி.தான் கொள்ளளவு. அதை எட்டியவுடன் பழுதாகும் தொல்லை அந்த நாளில் இருந்தது. பழைய பி.எஸ்.டி. திறக்கவில்லை என்றால் அதன் அளவைக் கவனியுங்கள்.

எம்பாக்ஸ் என்பது கடிதங்களை ஒன்றன்கீழ் ஒன்றாகத் தைத்த கட்டு. ஜிமெயில் கணக்கு முழுவதையும் கூகுளின் 'டேக்அவுட்' மூலம் இறக்கினால் இப்படித்தான் வரும். தண்டர்பேர்டில் 'இம்போர்ட் எக்ஸ்போர்ட் டூல்ஸ் என்.ஜி.' என்ற துணைக்கருவியைச் சேர்த்தால் உள்ளே கொண்டுவரலாம்.

டி.பி.எக்ஸ். என்பது அவுட்லுக் எக்ஸ்பிரஸின் கட்டு. 1997இல் வந்து, விண்டோஸ் எக்ஸ்.பி. காலம் வரை கடை கடையாக இருந்த மென்பொருள் அது. அதற்குப் பின் வந்த விண்டோஸில் கிடையாது. எக்ஸ்.பி.க்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2014 ஏப்ரலில் முடிந்தது. பழைய கம்ப்யூட்டரைக் காயலான் கடைக்கு எடைக்குப் போடுவதற்கு முன் அதில் டி.பி.எக்ஸ். ஃபைல்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்தக் கம்ப்யூட்டர் இன்னும் ஓடினால், அதிலேயே கடிதங்களைத் திறந்து, வேண்டியவற்றை ஒவ்வொன்றாக ஈ.எம்.எல். ஆகச் சேமிப்பதே சுலபமான வழி.

பழைய தமிழ்க் கடிதம் திறந்த பிறகும் புரியாத எழுத்தாகவே தெரிந்தால், அது எழுத்துருக் கோளாறு. அந்த நாளில் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தார்கள். தமிழக அரசு யூனிகோடு முறையை ஏற்றதே 2010இல்தான். எழுதிய எழுத்துருவைக் கண்டுபிடித்து மாற்றினால் படித்துவிடலாம்.

உறையின் மேல் உள்ள முத்திரைகள்

சேமித்த கடிதத்தைத் திறப்பதோடு நின்றுவிடாமல், அதன் தலைப்பு வரிகளையும் பார்க்கப் பழகுங்கள். தண்டர்பேர்டில் 'வியூ' மெனுவில் 'மெசேஜ் சோர்ஸ்' என்று இருக்கும். ஜிமெயிலில் 'ஷோ ஒரிஜினல்' என்று இருக்கும். நோட்பேடில் திறந்தாலும் மேலே தெரியும் ஆங்கில வரிகள் இவைதான்.

இன்லண்ட் லெட்டரில் அனுப்பிய தபால் ஆபீஸ் முத்திரையும் வந்த ஆபீஸ் முத்திரையும் விழுவதுபோல, மெயில் கடந்து வரும் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் 'ரிசீவ்டு' என்று ஒரு வரி எழுதி, தேதி நேரத்தைப் பதிக்கிறது. புதிய முத்திரை மேலே விழும்; ஆகவே கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். நம் நாட்டு நேரம் +0530 என்று காட்டும். சில வரிகளில் அமெரிக்க நேரம் -0700 என்று இருக்கும். நமக்குக் காலை 10 மணி என்றால் அங்கே முதல் நாள் இரவு 9.30. தேதி மாறியிருக்கிறதே என்று பதற வேண்டாம்.

மோசடியைப் பிடிக்கவும் இந்த வரிகள் உதவும். உறையின் பின்னால் அனுப்புநர் என்று யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம் அல்லவா? மெயிலிலும் அப்படியே. 'ஃப்ரம்' என்ற இடத்தில் நம் மில்லின் பெயர் இருக்கும். 'ரிப்ளை டூ' என்ற இடத்தில் வேறு முகவரி இருக்கும். 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்தக் கணக்கில் பணம் கட்டுங்கள்' என்று கடிதம் வந்தால், பல காலமாகப் பேசும் பழைய போன் எண்ணில் கூப்பிட்டுக் கேட்காமல் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் புகார் செய்யுங்கள். சேமித்த கடிதத்தைத் திறக்கும்போதும், இணைப்பின் பெயர் 'ஈ.எக்ஸ்.ஈ.' என்று முடிந்தால் அதைத் தொடவே கூடாது.

பிரிண்ட் எடுத்தால் போதாதா?

"பிரிண்ட் எடுத்து ஃபைலில் போட்டிருக்கிறேனே" என்று பலர் கேட்கிறார்கள். பார்வைக்குப் போதும், வழக்கு என்று வந்தால் போதாது.

மின்னணு ஆவணங்களுக்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்தது 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம். இ-மெயில் வழியே பேசி முடித்த ஒப்பந்தம், முறையான பத்திரம் எழுதவில்லை என்ற காரணத்தால் மட்டும் செல்லாமல் போகாது என்று டிரைமெக்ஸ் – வேதாந்தா வழக்கில் உச்சநீதிமன்றம் 2010இல் சொன்னது. மூலக் கருவியைக் கோர்ட்டில் காட்டாமல் நகலைக் காட்டினால் அதற்குச் சான்றிதழ் கட்டாயம் என்று 2020இல் தெளிவுபடுத்தியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி, அந்தச் சான்றிதழில் ஆவணத்தின் 'ஹேஷ்' எண்ணையும் எழுத வேண்டும். அது ஃபைலுக்கு வைத்த அரக்கு சீல் மாதிரி. உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும். பிரிண்டிலிருந்து அந்த எண்ணை எடுக்க முடியாது. மூல ஃபைல் வேண்டும்.

அதேபோல் கடிதத்தைச் சாதாரணமாக ஃபார்வர்டு செய்தால் அது புதிய கடிதம் ஆகிவிடும். பழைய முத்திரைகள் போய்விடும். வக்கீலுக்கு அனுப்பும்போது 'ஃபார்வர்டு அஸ் அட்டாச்மென்ட்' என்று கொடுத்தால் மூலக் கடிதம் ஈ.எம்.எல். ஃபைலாக அப்படியே போகும். மற்ற நுணுக்கங்களை உங்கள் வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடையில் உடனே செய்ய வேண்டியவை

ஒன்று, கடையின் மெயில் கணக்கும் பாஸ்வேர்டும் முதலாளி கையில் இருக்க வேண்டும். கணக்கரின் சொந்த மெயிலில் கடைக் கடிதம் போய்வருவது, கல்லாச் சாவியை அவர் வீட்டுக்கு எடுத்துப் போவதற்குச் சமம்.

இரண்டு, பழைய மெயில் கணக்கு ஏதாவது சும்மா கிடந்தால் அதற்குள் ஒருமுறை நுழைந்து பாருங்கள். இரண்டு வருடம் தொடாத தனிநபர் கணக்குகளை நீக்கும் முறையை கூகுள் 2023 டிசம்பரிலிருந்து நடைமுறைப்படுத்தியிருக்கிறது.

மூன்று, பாக்கி ஒப்புதல், விலை உறுதி, தரம் பற்றிய புகார், வரி நோட்டீஸ் ஆகிய நான்கு வகைக் கடிதங்களையாவது ஈ.எம்.எல். ஆகச் சேமியுங்கள். பெயரில் தேதியையும் பார்ட்டி பெயரையும் எழுதுங்கள். வாலை மட்டும் விட்டுவிடுங்கள்.

நான்கு, பென் டிரைவ் ஒன்றை மட்டும் நம்ப வேண்டாம். கடையில் ஒரு நகல், வீட்டில் ஒரு நகல் இருக்கட்டும். ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குகளையும் பதிவேடுகளையும், அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்னுக்கு உரிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். அவற்றைச் சார்ந்த கடிதங்களையும் அதே காலத்துக்கு வைத்திருங்கள்.

ஐந்து, வருடக் கணக்கு முடிக்கும் மார்ச் மாதத்தில், சேமித்த ஃபைல்களில் நாலைந்தைத் திறந்து பாருங்கள். கணக்கர் விலகும் நாளில் சாவியை வாங்குவதுபோல, "எந்த ஃபைல் எதில் திறக்கும்?" என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சரக்கைக் குடோனில் அடுக்கிவிட்டு வருடக்கணக்கில் திறக்காமல் விடுகிற வியாபாரி யாரும் இல்லை. வண்டு விழுந்ததா, ஈரம் ஏறியதா என்று மாதம் ஒருமுறையாவது பார்க்கிறோம். நம் பணத்துக்குச் சாட்சி சொல்லும் கடிதத்துக்கும் அந்தக் கவனம் வேண்டாமா? இந்த ஞாயிற்றுக்கிழமை கடை அடைத்த பிறகு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மேஜை டிராயரில் கிடக்கும் பென் டிரைவை எடுத்து, உள்ளே இருப்பதைத் திறந்து பாருங்கள். வர வேண்டிய பாக்கி ஒன்று அதில் இருக்கலாம்.